கபிலன் வேறு, நீ வேறு

அன்புள்ள அகிலன்,

பேருந்தில் ஏறும்போது நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றாய். அதற்குள் நடத்துநர் உன் பெட்டியை வாங்கி உள்ளே தள்ளிவிட்டார், நீயும் ஏறிவிட்டாய், பேருந்து வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. "வா, வெயில் ஏறுது" என்று அப்பா நடக்கத் தொடங்கினார். வீடு வந்து சேரும்வரை உனக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. "சாப்பிட்டீங்களா" என்று நீ கேட்பாய், "ஓம்" என்று நான் சொல்வேன், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். திருகோணமலைப் பக்கத்தில் சிறுபிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் இருந்து பேசுகிற வேலைக்கு நீ போயிருக்கிறாய். அவர்களில் எவருக்காவது இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் காட்டு. ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அதை நீ எப்போதும் உன் கதையாகவே கேட்டு வளர்ந்தவன். இந்த முறை உன் அண்ணனின் கதையாகக் கேள்.

கபிலனுக்கு அப்போது ஆறு வயது. மாரி மழை விடாமல் கொட்டி, வாவித் தண்ணீர் நம் வளவு வேலியைத் தொட்டுக்கொண்டு நின்றது. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பழுகாமத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்களுக்கு நான்தான் மருத்துவமாது. அன்று ஒரு பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை குறுக்காகக் கிடந்தது. ஊரில் வைத்துப் பார்க்க முடியாது என்று கண்டு, அவளைப் பாதையில் ஏற்றி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். (வாவியைக் கடக்கிற மிதவையைப் பாதை என்றுதான் நாம் சொல்வோம், இதை வேறு ஊரார் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.) கபிலன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "எப்ப வருவீங்க?" என்று கேட்டான். "விடியவே வந்திருவன் மனே" என்றேன். அந்தப் பெண்ணும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் விடிந்தபோது காற்று வாவியைப் புரட்டிக்கொண்டிருந்தது. பாதை ஓடவில்லை. தரை வழியும் மூடியிருந்தது. நான் அக்கரைத் துறையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இக்கரையில் நம் ஊர் மரங்கள் தெரிந்தன. அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வட்டைக்குப் போயிருந்தார். வயலில் வெள்ளம் வரம்பை உடைத்துக்கொண்டு போகாமல் மண் போட வேண்டும். மாமி, அதுதான் அப்பாவின் அக்கா, அடுப்படியில் இருந்தா. வெள்ளத்தில் மிதந்துவந்த வாழைக்குற்றி ஒன்றைப் பிடிக்க கபிலன் வேலிக்கு வெளியே இறங்கியிருக்கிறான். பின்னேரம் கண்டல் மரங்களுக்குள் அவனைக் கண்டெடுத்தார்கள். நான் எப்போது வருவேன் என்று எவருக்கும் தெரியாது. எனக்குச் செய்தி சொல்லவும் வழியில்லை. மழை விடவில்லை. வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்ல, அவனை மேட்டு நிலத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது எனக்குக் காட்டியது ஈர மண் குவியல் ஒன்றுதான். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். அதற்குப் பிறகு எதையும் காணவில்லை. இறந்தவரின் முகத்தைக் காணாதவர்கள் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் நீ படித்துவிட்டு வந்து சொன்னாய். நீ அதைச் சொல்லும்போது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையை எடுக்காமலே கேட்டேன். எனக்கு அதை எவரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை.

அதன்பிறகு நீ பிறந்தாய். சந்தோசப்பட்டேன் என்று சொன்னால் பொய். உன்னை என் மார்பில் கிடத்தினார்கள், நீ அழுதாய், நான் அந்த அழுகைக்குள் மற்றவனின் குரல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கி நிறை பார்த்து, "நல்லா இருக்கான், பால் குடுங்க" என்று தாய்மாருக்குத் தைரியம் சொல்லித் திரிந்தவள் நான். வீட்டுக்கு வந்தால் என்னால் ஒரு வாய் சோறு விழுங்க முடியாது. அப்பா பிசைந்து தந்தால் வாயில் வைத்துக்கொண்டு இருப்பேன். நீ என் மடியில் வளர்ந்தாய், நடந்தாய், பேசத் தொடங்கினாய். அத்தனையும் ஏதோ ஒரு திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததுபோலத்தான் எனக்கு நினைவிருக்கிறது.

உனக்கு மூன்று வயதாகியிருந்தது. இனி நான் சொல்வது, நான் இருபது வருடத்துக்கு மேல் நம்பியிருந்தது. ஒரு பின்னேரம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு துறையடியில் நின்றேன். நீ வாவியைக் கையால் காட்டி, "அம்மா, நான் இதுக்குள்ளதானே இருந்தன்" என்றாய். உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். மாமி உன் காதைப் புரட்டிப் பார்த்தா. பின்பக்கம் கறுப்பாக ஒரு மச்சம் இருந்தது. கபிலனுக்கும் இருந்தது. "அவன் வந்திட்டான்கா. அழாத. உன்ட புள்ள உன்னட்டயே வந்திட்டான்" என்று மாமி என்னைக் கட்டிப்பிடித்தா. கபிலனின் சட்டையையும் சிலேட்டையும் தகர விளையாட்டுக் காரையும் பாயில் பரப்பி வைத்தோம். நீ நேரே போய்க் காரை எடுத்தாய். அன்றைக்கு எங்கள் வீட்டில் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. அயலில் உள்ளவர்களெல்லாம் வந்து உன்னைத் தொட்டுப் பார்த்தார்கள். சுவரில் இருந்த கபிலனின் படத்தை மாமி இறக்கிவிட்டா. உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போடக் கூடாது என்றா. வருடா வருடம் அவனுக்குப் படைத்துவந்ததையும் நிறுத்தினோம். பிறப்புப் பதிவில் உன் பெயர் அகிலன் என்று இருக்க, ஊரெல்லாம் உன்னைக் கபில் என்று கூப்பிடத் தொடங்கியது.

எனக்கு நிம்மதி. அதை மறைக்க மாட்டேன். உனக்கு என்ன நடந்தது என்று இப்போது ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறேன். உன்னை வாவிப் பக்கம் விடவே மாட்டோம். ஊர்ப் பெடியன்கள் எல்லோரும் தண்ணீரில் கிடக்க, நீ வேலிக்கு உள்ளே நின்று பார்ப்பாய். அவர்களும் உன்னை ஒருமாதிரித்தான் பார்ப்பார்கள். "தண்ணிக்குள்ள என்னடா இருந்த?" என்று கேட்பார்கள். வீட்டுக்கு வருகிற உறவினர்களும் அதையேதான் கேட்பார்கள். நீயும் ஏதேதோ சொல்வாய். பச்சை நிறமாக இருந்தது என்பாய், வேர்கள் காலைப் பிடித்தன என்பாய். அவர்கள் நெஞ்சில் கையை வைப்பார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். மூழ்குகிற கனவு கண்டு நீ எழும்பிக் குளறுகிற நாட்களில், உனக்கு எல்லாம் ஞாபகம் வருகிறது என்றுதான் நினைத்தேன். ஒரு பிள்ளை பயந்திருக்கிறது என்று நினைக்கவில்லை.

நீ பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது ஆங்கிலம் படித்து வாத்தியாராவாய் என்று அப்பா எதிர்பார்த்தார். முதலாம் வருடம் முடிந்து, உளவியலில் சிறப்புப் பட்டம் செய்யப் போகிறேன் என்று வந்து நின்றாய். "விசர் ஆஸ்பத்திரி வேலையா?" என்று கேட்டார். நீ சிரித்துவிட்டு, "அதுவும்தான் அப்பா" என்றாய். ஏன் அதைத் தெரிவு செய்தாய் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. விடுமுறைக்கு வரும்போது தடித்த ஆங்கிலப் புத்தகங்களோடு வருவாய். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மாமரத்தடியில் இருந்து வாசிப்பாய். எலிகளைப் பற்றி, நாய்களைப் பற்றி, தாய்க்குரங்கு இல்லாமல் வளர்ந்த குரங்குக் குட்டிகளைப் பற்றி எனக்குச் சொல்வாய். அந்தக் குட்டிகள் மேல் எனக்கு இரக்கமாக இருக்கும். நீ எதையோ தேடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு விரிவுரையில் நடந்ததைப் பற்றிப் பிறகு பாசில்தான் எனக்குச் சொன்னான். காத்தான்குடிப் பிள்ளை, உன்னோடு ஒரே அறையில் இருந்தவன், இரண்டு தரம் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன், அவனை எனக்கு நன்றாகப் பிடிக்கும். நினைவைப் பற்றிய பாடமாம். நடக்காத ஒன்றைப் பற்றிச் சின்னப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்டால், கொஞ்சக் காலத்தில் அந்தப் பிள்ளை அதை நடந்ததாகவே சொல்லும் என்று உங்கள் விரிவுரையாளர் அம்மா விளங்கப்படுத்தியிருக்கிறா. பிள்ளை பொய் சொல்வதில்லை, உண்மையாகவே அதைக் காண்கிறது என்று சொன்னாவாம். நீ எழும்பி வெளியே போய்விட்டாய். பாசில் பின்னால் வந்து பார்த்தபோது, கட்டடத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டிருந்தாய். நீ காணுகிற அந்தக் கனவு அவனுக்குத் தெரியும், ஒரே அறையில் படுக்கிறவன்தானே. "ஆருட கனவ மச்சான் நீ இவ்வளவு நாளும் காணுறாய்?" என்று உன்னிடம் கேட்டானாம்.

இறுதி வருட ஆய்வுக்கு நம் வீட்டையே எடுக்க நீ விரும்பினாய். சொந்த வீட்டை ஆய்வு செய்ய அனுமதிக்க முடியாது என்று பல்கலைக்கழகத்தில் மறுத்துவிட்டார்கள். அது நியாயமான சட்டம்தான். நீ சித்தாண்டிப் பக்கத்தில் வேறு குடும்பங்களிடம் போய் ஆய்வைச் செய்தாய். ஆனால் ஒரு படிப்பு விடுமுறையில் எங்களிடமும் வந்தாய். அது பட்டத்துக்காக இல்லை. நீ மூச்சு விடுவதற்காக என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முதலில் என்னிடம் கேட்டாய், பிறகு வயலுக்குப் போய் அப்பாவிடம் கேட்டாய், பிறகு மாமி வீட்டுக்குப் போனாய். மூன்று பேரிடமும் கேட்டது ஒன்றேதான். வாவிக்குள் இருந்ததாக நீ முதல்முதலாகச் சொன்னபோது எங்கே நின்றாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், அதற்கு முன்பு யார் என்ன கேட்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டு முடிய எங்கள் மூவரையும் கூட்டி வைத்தாய்.

"நான் துறையடியில நிண்டு சொன்னன் எண்டு அம்மா சொல்றா. மாமி, நீங்க என்ன சொன்னீங்க?" என்றாய்.

"நம்மட முத்தத்திலதானே சொன்ன. நான்தான் முதல்ல கேட்டன், நீ கபிலனாடா எண்டு. நீ சிரிச்ச" என்றா மாமி.

"சிரிச்சனா, ஓமெண்டனா?"

"சிரிச்ச. சிரிச்சா ஓம்தானே மனே."

நீ அப்பாவைப் பார்த்தாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நேற்று வயலில சொன்னதை இவங்களுக்கும் சொல்லுங்க அப்பா" என்றாய். அவர் என்னைத்தான் பார்த்துப் பேசினார்.

"குசினிக்க நடந்தது. நீ புள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த. நீதான் கேட்ட, தண்ணிக்குள்ளயா மனே இருந்த, அம்மாட்டத் திரும்பி வந்தியா எண்டு. திருப்பித் திருப்பிக் கேட்ட. புள்ள தலைய ஆட்டினான். அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் கழிச்சுத்தான் துறையடியில சொன்னது."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"புள்ள தலைய ஆட்டின உடன நீ அந்தக் கோப்பையில மிஞ்சிக் கிடந்த சோத்தை எடுத்துத் தின்னத் தொடங்கின. அவன் செத்ததுக்குப் பிறகு அண்டைக்குத்தான் ஆரும் சொல்லாம நீயாத் திண்ட. நான் என்னத்தச் சொல்ல?"

பிறகு நீ மெதுவாக, பாயில் என்னென்ன பரப்பினீர்கள் என்று கேட்டாய். சட்டை, சிலேட்டு, கார் என்றேன். "மூண்டு வயசுப் புள்ள வேற எதை எடுக்கும் அம்மா?" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவதுபோல இருந்தது. மாமி எழும்பிப் போய்விட்டா. நான் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனேன். நீ பின்னேரப் பேருந்துக்கே திரும்பிப் போய்விட்டாய். அன்றைக்கு நீ போகும்போது உன்னிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது உன்னை இன்னும் வருத்துகிறது என்று தெரியும். நான் உன்மேல் கோபித்துப் பேசாமல் இருக்கவில்லை அகிலன். எனக்கு வேறு ஒரு யோசனை வந்துவிட்டது. அது வந்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

நீ அவன் இல்லை என்றால், அவன் எங்கே?

அவன் திரும்பி வந்துவிட்டான் என்று படத்தை இறக்கினோம். படையலை நிறுத்தினோம். மேட்டு நிலத்தில் புல் வளர்ந்து இடமே தெரியாமல் போய்விட்டது, ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, அங்கேதான் ஒருவரும் இல்லையே. அவன் வராமல் அங்கேயே இருந்திருந்தால், இத்தனை வருடமும் அவன் பெயரைச் சொல்லி நான் வேறொரு பிள்ளையைக் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பான். "கபில், சாப்பிட வா." "கபில், மழைக்க நில்லாத." தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவன் எத்தனை தரம் எழும்பி வேலிவரைக்கும் வந்திருப்பான்? அம்மாவுக்குச் சத்தங்கள் கேட்கின்றன என்று நீ பயப்பட வேண்டாம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, இனிக் கூப்பிடுவதில்லை என்று விட்டுவிட்ட பிள்ளையின் அமைதியாக அது இருந்தது. மாரி தொடங்கி வாவி ஏறிவர, நான் வேலியடிக்குப் போவதை நிறுத்தினேன். வாவிப் பக்கத்து ஜன்னலை அடைத்தே வைத்தேன். அப்பா ஒன்றும் கேட்காமல் அதற்கு ஒரு கொளுக்கியும் போட்டுத் தந்தார்.

ஒருநாள் பெட்டியைத் திறந்து கபிலனின் படத்தை எடுத்தேன். இதைத்தான் உனக்குச் சொல்ல எனக்கு இவ்வளவு பாயிரம் தேவைப்பட்டது. அவன் உன்னைப்போல இல்லை. கொஞ்சமும் இல்லை. உனக்கு என் அண்ணனின் நீள முகம். அவனுக்கு வட்டமான முகம், அப்பாவின் மூக்கு, நெற்றியில் இறங்கிக் கிடக்கிற சுருள் முடி. நீங்கள் இருவரும் அச்சில் வார்த்ததுபோல ஒரே முகம் என்று எத்தனை பேரிடம் நான் சத்தியம் செய்திருப்பேன். இருபது வருடமாக அவனை நினைக்கும்போதெல்லாம் உன் முகத்தைத்தான் நினைத்திருக்கிறேன். அந்தப் படத்தில் இருந்த பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெருவில் கண்டால், யாருடைய பிள்ளை நீ என்று கேட்டிருப்பேன்.

பட்டம் முடித்து நீ வீட்டுக்கு வந்தபோது என்னைக் கண்டு பயந்துவிட்டாய். எலும்பும் தோலுமாக இருந்தேன். உன் படிப்பிலிருந்து ஒரு சொல்லையும் நீ என்மேல் எறியவில்லை. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பக்கத்தில் வந்து இருந்தாய். நான் வெங்காயம் உரித்தால் நீயும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாய். ஒருநாள், "அவன் எப்பிடிச் சிரிப்பான் அம்மா?" என்று கேட்டாய். நான் அழத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவன் இறந்ததற்கு நான் அழுத முதல் அழுகை அது. அதற்கு முன்பு அழுததெல்லாம் அவன் வராததற்காக. பிறகு நீதான் என்னை நகரத்தில் வைத்தியரிடம் கூட்டிப்போனாய். வரிசையில் இருக்கும்போது, தெரிந்தவர்கள் எவரும் கண்டுவிடுவார்களோ என்று நான் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டேன். நீ என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். அந்தக் குளிசைகளை இன்னும் போடுகிறேன். நித்திரை வருகிறது.

நீ கேட்டது பிழையா என்றால், பிழையில்லை மகன். நீ கேட்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் மற்றவனின் கனவைத்தான் கண்டுகொண்டிருப்பாய். பிள்ளைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும், தாய்க்கு நோகும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் எடுத்திருக்கிறேன். ஆனால் எடுத்துவிட்டு நான் வீட்டுக்கு ஓடியதில்லை. இரத்தம் நிற்கிறதா என்று தாயின் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். உன் வேலையில் இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். ஒரு பிள்ளை உன் முன்னால் இருந்து ஆச்சரியமான எதையாவது சொன்னால், அந்தப் பதிலுக்காகப் பின்னால் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார். அது பொய் என்று அவர்களுக்குச் சொல்வதற்கு முதல், அந்தப் பொய் எதை மூடிக்கொண்டிருக்கிறது என்றும் பார். சொல்ல வேண்டியதைச் சொல். சொல்லிவிட்டுப் பின்னேரப் பேருந்தைப் பிடிக்காதே.

நீ போவதற்கு முதல் நாள் என்னைத் துறையடிக்குக் கூட்டிப்போனாயே, அதைப் பற்றியும் நாம் பேசவில்லை. வர மாட்டேன் என்றேன். "ஒருக்கா வாங்க அம்மா, எனக்காக" என்றாய். சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு நீ தண்ணீரில் இறங்கினாய். பாசிக்குடாக் கடலில் பாசில் உனக்கு நீந்தப் பழக்கியது எனக்குத் தெரியாது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. "மனே, காணும்" என்றேன். நீ திரும்பிப் பார்த்து, "தண்ணி சூடா இருக்கு அம்மா" என்றாய். பிறகு உள்ளே போய்விட்டாய். தண்ணீர் உன்மேல் மூடியது. உன் சட்டையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தூரத்தில், மீன் வலை கட்டிய தடிகளுக்குப் பக்கத்தில் உன் தலை எழும்பியது. நீ கையை வீசி வீசி நீந்தினாய். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நீ பத்திரமாக இருக்கிறாய் என்று கண்டவுடனேயே என் கண் உன்னை விட்டுவிட்டுக் கரையோரக் கண்டல் மரங்களுக்குப் போய்விட்டது. அங்கேதான் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேர் என்று அந்தத் துறையில் நின்றுகொண்டு எனக்கு விளங்கியது. ஒருவன் நீந்திக்கொண்டிருந்தான். மற்றவனை நான் இன்னும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

நீ போன பிறகு அப்பாவிடம் சொன்னேன், அவனுக்குப் படைப்போம் என்று. அவர் உடனேயே ஓம் என்றார். வெகுகாலமாக அதைக் கேட்கக் காத்திருந்தவர்போல இருந்தார். நானும் அவரும் மேட்டு நிலத்துக்குப் போனோம். மாமியும் வந்தா. புல்லுக்குள் நின்று மூவரும் ஒவ்வொரு இடத்தைக் காட்டினோம். கடைசியில் அப்பா ஒரு இடத்தில் குந்தி மண்ணைத் தொட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். புதைத்தவர் அவர்தான். அதனால் அந்த இடத்தையே எடுத்துக்கொண்டோம். நேற்று வீட்டில் சமைத்தேன். "அவனுக்கு என்ன விருப்பம்?" என்று அப்பா கேட்டார், சந்தைக்குப் போவதற்காக.

என்னால் சொல்ல முடியவில்லை. எருமைத் தயிருக்கு மேலே தூவின சீனியை மட்டும் நக்கிவிட்டு, தயிரை மாமியின் கோப்பைக்குள் கவிழ்க்கிறவன் யார், அவனா நீயா? இறால் தலையைக் கேட்டு அழுகிறவன் யார்? இடி இடித்தால் காதைப் பொத்தாமல் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறவன்? என் சைக்கிள் சத்தம் கேட்டால், மருத்துவமாதை ஊரார் கூப்பிடுகிறதுபோல, "மிஸி வாறா, மிஸி வாறா" என்று ஓடிவருகிறவன்? எல்லாவற்றையும் நான் காண்கிறேன், எல்லாவற்றிலும் உன் முகம்தான் இருக்கிறது. அப்பா ஒன்றைச் சொன்னார், நான் வேறொன்றைச் சொன்னேன், மாமி இரண்டும் இல்லை என்றா. "எல்லாத்தையும் வை. எடுக்கிறத எடுக்கட்டும்" என்றார் அப்பா. இறாலும் தயிரும் முட்டைப் பொரியலும் வாழைப்பழமுமாக ஒரு பிள்ளைக்குப் போட்ட இலையில் இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டை வைத்தேன். விளக்கைக் கொளுத்திவிட்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். கண்ணுக்குள் நீதான் வந்து நின்றாய்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பட்டம் படித்தவன் என்பதற்காகக் கேட்கவில்லை, இதைச் செய்யக்கூடியவன் நீ ஒருவன்தான். உனக்குச் சின்ன வயதில் நடந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தவற்றைச் சொல், நாங்கள் சொல்லித் தந்ததை விட்டுவிட்டு. தயிர் உன்னுடையது என்றால் உன்னுடையது என்று சொல். இடிக்குப் பயந்தவன் நீ என்றால் அதையும் எடுத்துக்கொள். அவசரமில்லை. ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒன்று சொன்னால் போதும். உன்னுடையது எல்லாவற்றையும் நீ எடுத்துக்கொண்டு போன பிறகு என்னிடம் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாது. ஒரு சிரிப்பு மிஞ்சலாம், வேலியைப் பிடித்த இரண்டு கை மிஞ்சலாம். எவ்வளவு மிஞ்சினாலும் அது அவனுடையது. அதை வைத்துக்கொண்டு நான் அவனைக் கூப்பிடுவேன். இந்த முறை சரியான பிள்ளையைக் கூப்பிடுவேன்.

அம்மா